தேறாத மாணவி

இலண்டன் மாநகரின் வடபுறத்தே எட்மண்டன் என்றொரு பகுதி உண்டு. அங்கே அஞ்சல்காரர் ஒருவரின் எளிய இல்லத்தில், 1902-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. கிளாடிஸ் எயில்வார்டு என்று பெயரிட்டனர். அப்பெண் வளர்ந்து விவரம் அறியத் தொடங்கிய நாளில் இரண்டு துயரங்கள் அவளைப் பற்றிக்கொண்டன. உடன் ஆடும் தோழியர்க்கெல்லாம் பொன்னிறக் கூந்தல். அவளுக்கு மட்டும் கரிய கூந்தல். தோழியர் ஆண்டுக்கு ஆண்டு நெடுநெடுவென வளர்ந்தனர். அவளோ ஐந்தடியை எட்டும் முன்பே நின்றுவிட்டாள்.

கார்மேகத்தைக் கூந்தலுக்கு உவமை சொல்லி மகிழ்ந்த மொழி தமிழ். அம்மொழியில் பயின்றோர்க்கு ஒரு சிறுமி தன் கருங்கூந்தலுக்காகக் கண்ணீர் வடித்தாள் என்பது வியப்பாகவே தோன்றும். ஆனால் அழகும் குறையும் ஊரார் கண்ணில்தான் பிறக்கின்றன. எட்மண்டன் தெருவில் பொன்னிறமே அழகின் அளவுகோல். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துத் தன்னைத் தானே நாள்தோறும் அளந்து பார்த்த சிறுமி, ஒவ்வொரு நாளும் குறைந்தே போனாள்.

பள்ளியும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. தேர்வு என்று வைத்தால் தோல்வி என்று வந்தது. பதினான்கு வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனாள். சில காலம் கடைகளில் நின்றாள். பின்னர்ச் செல்வர் வீடுகளில் பணிப்பெண்ணாக அமர்ந்தாள். விடியற்காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளுவதும், மேசைக்கு உணவு கொண்டு செல்வதும், அழைப்புமணி ஒலித்தால் ஓடி வந்து நிற்பதுமாக ஆண்டுகள் உருண்டன.

மனித மனத்தின் இந்த நிலையை ஆராய்ந்தவர்களுள் வியன்னா நகர மருத்துவர் ஆல்பிரட் ஆட்லர் குறிப்பிடத்தக்கவர். தாழ்வு மனப்பான்மை என்று இன்று நாம் வழங்கும் கருத்துக்கு அறிவுலகில் இடம் தேடித் தந்தவர் அவரே. அவரும் இளமையில் நோயாளிப் பிள்ளையாக வாடியவர். கணக்குப் பாடத்தில் பின்தங்கியவர். இவனைச் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு அனுப்புங்கள் என்று ஆசிரியர் ஒருவர் அவருடைய தந்தையிடம் சொன்னதாக அவர் வரலாற்றில் வருகிறது. ஆசிரியப் பணியில் இருப்போர் இச்செய்தியைச் சற்று நின்று படித்தல் நல்லது. ஆட்லர் கணக்கில் முனைந்து உழைத்து வகுப்பில் மேலே வந்தார். குறையை முயற்சியால் நிரப்பு, பிறரை முந்து என்பது அவர் வாழ்ந்து காட்டிய வழி. அது உயர்ந்த வழிதான். ஆயினும் முந்த இயலாதவன் என்ன செய்வான்? எவ்வளவு முயன்றாலும் எட்டாத பாடம் ஒன்று அவனுக்கு இருந்துவிட்டால்? எயில்வார்டின் வரலாறு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இருபதைக் கடந்த வயதில், சமயத்தில் பெரிய நாட்டமின்றி இருந்த அவள் உள்ளத்தில் கிறித்துவ நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது. அந்நாளில் சீனாவைப் பற்றிய கட்டுரை ஒன்று அவள் கண்ணில் பட்டது. கோடிக்கணக்கான மக்கள் இயேசுபெருமானின் பெயரையே கேட்டதில்லை என்று அதில் எழுதியிருந்தது. யாரேனும் போக வேண்டுமே என்று அவள் பதைத்தாள். தான் போகலாம் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. தம்பியைப் போகச் சொன்னாள். "அது முதுகன்னியர் செய்யும் வேலை, நீயே போயேன்" என்ற கருத்தில் அவன் மறுமொழி உரைத்தான். ஏளனமாகச் சொன்ன சொல்தான்; ஆனால் அது அவள் நெஞ்சில் தைத்து அங்கேயே தங்கிவிட்டது.

சீன உள்நாட்டு மிஷன் என்னும் சங்கம் அக்காலத்தில் ஊழியர்க்குப் பயிற்சி தந்து சீனாவுக்கு அனுப்பி வந்தது. அதன் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்குச் சோதனை முறையில் மூன்று மாதக் காலம் இடம் கிடைத்தது. அங்கும் பழைய கதையே. பாடங்கள் மண்டையில் ஏறவில்லை. மற்ற மாணவியர் குறிப்பெடுத்து எழுதிக்கொண்டிருக்கையில் அவள் விழித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாத முடிவில் குழுவினர் அவளை அழைத்து, தேர்ச்சி போதாது என்று மென்மையாகவே தெரிவித்தனர். மூன்றாண்டுப் பயிற்சியை முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கிவிடும். அந்த வயதுக்கு மேல் சீனம் போன்ற கடினமான மொழியை அவள் கற்பது அரிது என்பது அவர்தம் தீர்ப்பு.

அந்தக் குழுவினரைக் கொடியவர் எனக் கூற இயலாது. அவர்கள் முன் இருந்தவை மதிப்பெண்கள். ஒரு மாணவியை ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்கு அனுப்பி, அங்கே அவள் மொழி தெரியாமல் தவித்தால் பழி அவர்களைச் சேரும். அந்த இருக்கையில் நம்முள் யார் அமர்ந்திருந்தாலும் பெரும்பாலும் அதே முடிவையே எழுதியிருப்போம். ஆனால் தீர்ப்பைச் சொல்பவர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைப் பிரிக்கிறார். கேட்டவளோ அதனை வாழ்நாள் முழுதும் சுமக்கிறாள். தன் தோழர்கள் முதலாம் படிவத்திற்குப் போக, தான் மட்டும் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர நேர்ந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் அந்தச் சுமையின் எடையைச் சொல்வான்.

குழுவினர் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. சீனாவில் பணியாற்றி ஓய்வு பெற்று வந்திருந்த முதிய தம்பதியர்க்கு வீட்டுவேலை செய்ய இடம் காட்டினர். ஊழியம் செய்ய வந்தவளுக்கு மறுபடியும் பாத்திரம் துலக்கும் வேலை! அவள் போனாள். அங்கிருந்து சுவான்சி துறைமுகத்துக்குப் போய், இரவு நேரத்தில் தெருவில் அலைந்த பெண்களை மீட்டுத் தங்கிடம் சேர்க்கும் பணியில் சில காலம் இருந்தாள். அதன் பிறகு இலண்டனுக்குத் திரும்பிப் பணிப்பெண் உடையை மீண்டும் அணிந்தாள். இம்முறை அவளுக்கு வாய்த்தது, 1904-இல் திபெத்தின் இலாசா நகருக்குப் படை நடத்திச் சென்ற சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்டின் இல்லம்.

அங்கே தனக்கென ஒதுக்கிய சிற்றறையில் அவள் திருமறையைப் படித்தாள். படித்த முறையைக் கவனிக்க வேண்டும். கல்லூரியில் அதே நூலைப் பாடமாகப் படித்தபோது அவளுக்கு விளங்கவில்லை. இப்போது தன்னைப் போன்றவர் யாரேனும் அந்நூலில் உண்டோ என்று தேடினாள். நெகேமியா என்பவர் கிடைத்தார். அவர் பாரசீக மன்னனுக்குப் பானம் பரிமாறும் பணியாளர். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கேட்டு அவர் அழுதார். ஆனாலும் மேசைப் பணியை விட்டுவிட்டு நினைத்த மாத்திரத்தில் புறப்பட முடியாதவர். ஆகா, இவரும் என்னைப் போல் ஏவல் செய்தவர்தானே என்று அவள் வியந்தாள். அந்த நெகேமியாவோ போய் மதிலைக் கட்டினார். நெகேமியாவின் கடவுள் உன் கடவுள் இல்லையா என்றொரு கேள்வி தன் உள்ளத்தில் எழுந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

அவள் கட்டிலின்மேல் தன் திருமறையையும் கையிலிருந்த சில செப்புக் காசுகளையும் வைத்தாள். இதோ நான், இதோ என் மறைநூல், இதோ என் பணம், பயன்படுத்திக்கொள்ளும் என்று இறைவனிடம் முறையிட்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுத் தலைவி அழைக்கும் மணி ஒலித்தது. வேலைக்கு வந்துசேரச் செலவான பயணப் பணத்தைக் கொடுப்பது தம் வழக்கம் என்று அம்மையார் மூன்று சில்லிங் தந்தார். சில பென்னிகள் சில நொடியில் சில்லிங்குகள் ஆயின. இதனைத் தற்செயல் என்பாரும் உளர். அவள் அப்படி எண்ணவில்லை.

இவ்விடத்தில் கிறித்துவம் அவளுக்குச் செய்தது யாது என்று ஆராய்வது தகும். நீ திறமைசாலி, உன்னிடம் எல்லாம் இருக்கிறது என்று அது அவளிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் மாட்டாள். அவளுக்குத்தான் தன் மதிப்பெண்கள் தெரியுமே! உன்னிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வியையே அது எடுத்து அப்பால் வைத்துவிட்டது. அந்த இடத்தில் நீ யாருடையவள் என்ற வேறொரு கேள்வியை வைத்தது. முதற் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. இரண்டாம் கேள்விக்கு இருந்தது. நாள்தோறும் பிள்ளைகளிடம் 'உன்னால் முடியும்' என்று உரக்கச் சொல்லி, அது அவர்கள் செவியோடு நின்றுவிடக் காணும் ஆசிரியர்க்கு இந்த வேறுபாடு சிந்திக்கத் தக்கது.

சீனா செல்லக் கப்பலுக்குக் கட்டணம் மிகுதி. ஐரோப்பாவையும் சைபீரியாவையும் கடந்து செல்லும் புகைவண்டிக்கு 47 பவுன் 10 சில்லிங். பயணச்சீட்டு நிலைய எழுத்தர், மஞ்சூரியப் பக்கம் சண்டை நடக்கிறது, உயிரோடு போய்ச் சேர்வாய் என்று உறுதி கூற முடியாது என்று எச்சரித்தார். அவள் முதல் தவணையாக மூன்று பவுனை நீட்டினாள். ஓய்வு நாளிலும் பிறர் வீட்டு விருந்துகளில் பரிமாறி மீதியைக் கட்டி முடித்தாள். சீனாவின் சான்சி மாநில மலைகளில் தனித்துப் பணியாற்றி வந்த சீனி லாசன் என்னும் 73 வயது மூதாட்டி ஓர் இளம் துணையைத் தேடுகிறார் என்ற செய்தியும் அதற்குள் கிட்டியிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஓர் அக்டோபர் நாளில், சட்டியும் கெண்டியும் கட்டிய மூட்டையோடு அவள் இலிவர்பூல் தெரு நிலையத்தில் வண்டி ஏறினாள்.

வழியில் பட்ட பாடுகளை விரிப்பின் பெருகும். போர்முனை நெருங்கியதும் வண்டி நின்றது. பனி மூடிய இருப்புப் பாதையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். பிறகு விளாடிவாஸ்டாக், யப்பான் எனச் சுற்றி ஒருவாறு சீனக் கரையை அடைந்தாள். அங்கே மக்கள் திரளைப் பார்த்து நின்றபோது ஒன்று அவளுக்குப் புலப்பட்டது. எல்லார் தலையிலும் கருங்கூந்தல். எல்லாரும் அவள் உயரத்திலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டவர்கள்! செய்வது இன்னதென்று ஆண்டவர் அறிந்தே செய்திருக்கிறார் என்று நினைத்தாளாம். சிறுவயதில் நிலைக்கண்ணாடியின் முன் வடித்த கண்ணீரெல்லாம் நகையாக மாறிய நேரம் அது.

யாங்செங் என்னும் மலையூர் கோவேறு கழுதை வணிகரின் பழைய பாதையில் உள்ளது. லாசன் அம்மையார் அங்கே பாழடைந்த வீடொன்றை வாங்கியிருந்தார். வெள்ளையரைப் பேய் என்று மக்கள் அஞ்சி ஒதுங்கிய ஊர் அது. கூட்டம் கூட்டிப் பேச முடியாது. எனவே வீட்டைக் கழுதைக்காரர் தங்கும் சத்திரமாக்கினர். 'எட்டு இன்பங்களின் விடுதி' என்று பெயர் சூட்டினர். எயில்வார்டுக்கு ஒப்படைத்த முதற்பணி என்ன தெரியுமா? தெருவில் வரிசையாக வரும் கழுதைகளில் முதற் கழுதையின் தலைக்கயிற்றைப் பற்றி முற்றத்துக்குள் இழுத்துவிடுவது. முதலது நுழைந்தால் மற்றவை பின்தொடரும். கழுதைகள் நுழைந்தால் கழுதைக்காரரும் நுழைந்தே தீர வேண்டும். இரவு உணவுக்குப் பின் அவர்களுக்கு நோவாவின் கதையும் மோசேயின் கதையும் சொல்லப்பட்டன. அவற்றை அவர்கள் மலை கடந்து அடுத்த சத்திரங்களில் போய்ச் சொன்னார்கள்.

அந்தக் கழுதைக்காரரிடமிருந்துதான் அவள் மொழி கற்றாள். சமையல்காரரிடம், கடைத்தெருப் பெண்களிடம், வாசலில் ஆடும் குழந்தைகளிடம் கற்றாள். இலக்கணப் புத்தகம் இல்லை, தேர்வும் இல்லை. சில காலத்தில் சான்சி மலை மக்களின் பேச்சை அவர்களே போலப் பேசினாள். சீனம் இவளுக்கு வராது என்று எழுதிய குழுவின் முடிவு இப்படி ஆயிற்று. மொழிப்பாடம் கற்பிப்போர் இதனைக் கேட்டுக் குழுவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. எழுத்தால் கற்க இயலாத பிள்ளை செவியால் கற்கக்கூடும் என்பதைத் தம் வகுப்பில் தேடிப் பார்ப்பது அரிது.

லாசன் அம்மையார் ஓராண்டுக்குள் மேல்மாடத்திலிருந்து தவறி விழுந்து நோயுற்று இறந்தார். துணையும் பணமும் இன்றித் தனியே நின்ற எயில்வார்டை ஊரின் ஆட்சித் தலைவர் தேடி வந்தார். பெண்பிள்ளைகளின் கால்களை இறுகக் கட்டிக் குறுக்கும் வழக்கத்தை அரசு தடைசெய்திருந்தது. ஊர் ஊராகச் சென்று பெண்களின் கால்களைப் பார்வையிட ஒருத்தி தேவை. ஆண்கள் பார்த்தல் ஆகாது. அந்தப் பகுதிப் பெண்களோ கால் கட்டப்பட்டவர்கள், மலையேறி நடக்க மாட்டாதவர்கள். அந்த வட்டாரத்தில் கட்டப்படாத கால்களை உடைய பெண் எயில்வார்டு ஒருத்தியே. மதிப்பெண் பட்டியலில் எவரும் எழுதாத தகுதி, இரண்டு இயல்பான கால்கள்! அப்பணி ஏற்றுச் சென்ற ஊர்தோறும் தம் சமயத்தைப் போதிக்கவும் இசைவு பெற்றுக்கொண்டார். மக்கள் அவரை ஆய்வேதே என்று அழைத்தனர். நற்குணம் உடையாள் என்று பொருள் கூறுவர். 1936-இல் அவர் சீனக் குடியுரிமையும் பெற்றார். இனி அவரை அம்மையார் என்று வழங்குவதே முறை.

சிறைச்சாலை நிகழ்ச்சி ஒன்று அவர் வரலாற்றில் புகழ்பெற்றது. யாங்செங் சிறையில் கைதிகள் கலகம் செய்தனர். ஒருவன் கோடரியை ஏந்தி ஆட்களை வெட்டிக்கொண்டிருந்தான். காவலர் உள்ளே செல்ல அஞ்சினர். சிறைத் தலைவர் அம்மையாரை அழைத்து, நீங்கள் உள்ளே போய் அடக்குங்கள் என்றார். அம்மையார் திகைத்தார். போனால் கொன்றுவிடுவார்களே என்றார். உயிருள்ள கடவுள் உம்மிடம் இருப்பதாக ஊரெல்லாம் போதிக்கிறீரே, அப்படியானால் எப்படிக் கொல்வார்கள் என்று தலைவர் திருப்பிக் கேட்டார். கேள்வியில் கபடம் இல்லை. அவர் நம்பியே கேட்டார். போகாவிட்டால் இதுகாறும் சொன்னதெல்லாம் பொய்யாகும் என்பது அம்மையாருக்குப் புரிந்தது. நடுங்கியபடியே சென்றார். முற்றத்தில் குருதி, எதிரே கோடரியோடு ஓடி வருபவன். கோடரியைக் கொடு என்று கை நீட்டினார். அவன் கொடுத்துவிட்டான். பின்னர் அவர்கள் பட்டினியாலும் வேலையின்மையாலும் வெறிகொண்டனர் என்று கண்டு, சிறைக்குள் தறிகள் வர ஏற்பாடு செய்தார். இந்நிகழ்ச்சியில் வீரத்தைக் காண்போர் பலர். அவர் நடுக்கம் நீங்கியபின் போகவில்லை, நடுக்கத்தோடே போனார் என்பதைக் காண்போர் சிலரே.

1937-இல் யப்பானியர் படையெடுப்புத் தொடங்கியது. 1938-இல் யாங்செங் மீது குண்டுகள் விழுந்தன. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் அம்மையாரைச் சூழ்ந்தனர். முன்பு ஒன்பது காசு கொடுத்து ஒரு பெண் குழந்தையை அவர் மீட்டு வளர்த்திருந்தார். 'நைன்பென்ஸ்' என்றே அதற்குச் செல்லப்பெயர். அப்படித் தொடங்கிய குடும்பம் ஏறத்தாழ நூறு பிள்ளைகளாகப் பெருகியது. அவரைப் பிடித்துத் தருவோர்க்கு யப்பானியர் பரிசு அறிவித்தனர். 1940-இல் அந்த நூறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மலைகளைக் கடந்து, மஞ்சளாற்றின் அக்கரையில் சியான் நகரம் நோக்கி அம்மையார் நடக்கத் தொடங்கினார்.

பெரிய பாதைகளில் பகைவர் இருந்தமையால் மலைத்தடங்களிலேயே சென்றனர். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளும் அதில் உண்டு. கொண்டுவந்த தினையரிசி சில நாளில் தீர்ந்தது. துணிக் காலணிகள் கிழிந்து பாதங்கள் வெடித்தன. இரவுகளில் கோயில்களிலும் குளிர்ந்த பாறைகளிலும் உறங்கினர். பன்னிரண்டு நாளில் ஆற்றங்கரையை அடைந்தபோது அங்கே ஊர் காலியாகக் கிடந்தது. படகுகள் அனைத்தும் அகற்றப்பட்டிருந்தன. அகன்ற மஞ்சள் நிற வெள்ளம் முன்னே, பகைவர் பின்னே. பிள்ளைகள் பசியால் அழுதனர். ஒருநாள் போயிற்று, மறுநாளும் போயிற்று.

அப்போது பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வந்து, மோசே தம் மக்களைச் செங்கடலின் நடுவே அழைத்துச் சென்ற கதையைச் சொன்னீர்களே, அது உண்மையா என்று கேட்டாளாம். உண்மைதான் என்றார் அம்மையார். அப்படியானால் நாம் ஏன் இந்த ஆற்றைக் கடக்கவில்லை என்றாள் சிறுமி. பல நாள் உறக்கமின்றிச் சோர்ந்திருந்த அம்மையாரின் வாயிலிருந்து, நான் மோசே இல்லையே என்ற சொல் வந்தது.

எட்மண்டனில் கண்ணாடி முன் நின்ற சிறுமியும், குழுவின் முன் தலைகுனிந்து நின்ற மாணவியும் அந்தச் சொல்லில் இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பழைய குரல் அவருள் ஒடுங்கிக் கிடந்து, உடல் தளர்ந்த வேளையில் எழுந்தது. அதற்குச் சிறுமி சொன்ன மறுமொழி எளியது. நீங்கள் மோசே இல்லைதான். ஆனால் கடவுள் கடவுள்தானே என்றாள். பாடம் கற்பித்தவர் கற்பித்த பாடத்தை மாணவியிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். இருவரும் மண்டியிட்டனர். மோசே என்பவரும், எனக்குப் பேச்சு வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று இறைவனிடம் சாக்குச் சொல்லி நழுவப் பார்த்தவரே. அதை அந்த வேளையில் அவர்கள் நினைத்துப் பார்த்தார்களோ இல்லையோ, திருமறை அவ்வாறுதான் கூறுகிறது.

பிள்ளைகளின் பாட்டொலி கேட்டு ஆற்றோரம் சுற்றிவந்த சீன அதிகாரி ஒருவர் அவர்களைக் கண்டார். அவர் சீழ்க்கை அடிக்க, அக்கரையிலிருந்து படகு வந்தது. ஆறு கடந்தாயிற்று. ஆனால் கதைகளில் நிகழ்வதுபோல் அத்தோடு துன்பம் தீரவில்லை. அக்கரையிலும் மலை இருந்தது. வழியில் ஓரிடத்தில் அம்மையார் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிள்ளைகளும் உடன் அழுதனர். அழுது முடித்து எழுந்து நடந்தனர். சியான் நகர வாயில் அகதிகளுக்கு மூடப்பட்டிருந்தது. அதற்கும் அப்பால் சென்று பிள்ளைகளை ஓர் இல்லத்தில் சேர்த்த பின்னரே அம்மையார் கீழே சாய்ந்தார். கடுங்காய்ச்சல் அவரைச் சாவின் எல்லை வரை கொண்டுசென்றது. உடல் தேறத் திங்கள் பல ஆயின.

1949-இல் அவர் இங்கிலாந்து திரும்பி எட்மண்டனில் பெற்றோருடன் தங்கியிருந்தார். துணிவு மிக்க மனிதரைப் பற்றி வானொலி நிகழ்ச்சிகள் தயாரித்து வந்த ஆலன் பர்ஜஸ் என்பவர் அவரைக் காண வந்தார். சொல்லத்தக்க நிகழ்ச்சிகள் உண்டா என்று வினவினார். கேட்போர் விரும்பும்படி ஒன்றும் இல்லை என்றார் அம்மையார். வற்புறுத்திக் கேட்டதும், சில பிள்ளைகளை மலை கடந்து அழைத்துவந்தேன், அவ்வளவுதான் என்றாராம். அந்த 'அவ்வளவுதான்' பின்பு விரிந்து 1957-இல் 'சிறிய பெண்மணி' என்ற பெயரில் நூலாயிற்று.

இந்த விடையும் தாழ்வு மனப்பான்மையே அன்றோ என்று ஐயுறலாம். பிற்காலத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார். சீனாவில் தாம் செய்த பணிக்கு இறைவன் முதலில் தேர்ந்தெடுத்தவர் தாம் அல்லர். யாரோ ஒரு கற்றறிந்த ஆண்மகனாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு என்ன ஆயிற்றோ, ஒருவேளை அவர் இசையவில்லையோ என்னவோ. இறைவன் குனிந்து பார்க்கையில் கிளாடிஸ் எயில்வார்டு தென்பட்டாள் என்ற கருத்தில் பேசினார். மேலோட்டமாகக் கேட்டால் தன்னைக் குறைத்துப் பேசும் பேச்சுப் போலவே இருக்கும். ஆயினும் பணிவும் தாழ்வு மனப்பான்மையும் ஒரே ஆடையை உடுத்து வரும் இருவர். தாழ்வு மனப்பான்மை கொண்டவன் ஓயாமல் தன்னையே நினைக்கிறான். தன்னைப் பிறர் எப்படிக் காண்கின்றனர் என்று எண்ணி நோகிறான். பணிவுடையவன் தன்னை நினைக்க நேரமில்லாதவன். இரண்டாம் இடத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அம்மையாரின் பேச்சில் வலி இல்லை. ஒருவகைக் குறும்பே இருந்தது. ஆற்றங்கரையில் எழுந்த குரல் வேறு, இது வேறு.

எல்லாவற்றையும் அவர் பொறுமையோடு ஏற்றார் என்றும் எண்ணிவிட வேண்டா. அவருடைய வரலாறு 1958-இல் திரைப்படமாக வந்தது. சீன மலைகளுக்குப் பதிலாக வேல்சு நாட்டு மலைகளில் படம் பிடித்தனர். எட்டு இன்பங்களின் விடுதி ஆறாம் இன்பத்தின் விடுதியாயிற்று. படத்தில் புகுத்திய காதற் காட்சிகளைக் குறித்து அம்மையார் மிகவும் வருந்திச் சினந்தார். அவராக நடித்தவரோ சுவீடன் நாட்டு நடிகை இங்கிரிட் பெர்க்மன். நெடிய உருவம், பொன்னிறக் கூந்தல். எட்மண்டன் சிறுமி எவை இல்லையே என்று ஏங்கினாளோ அவை இரண்டையும் திரைப்படக்காரர் அவளுக்குக் கேளாமலே வழங்கிவிட்டனர். அம்மையார் அவற்றை விரும்பவில்லை.

அவருடைய இறுதி ஆண்டுகள் தைவானில் கழிந்தன. சீனப் பெருநிலத்துக்குத் திரும்ப வழியில்லாமையால் அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் ஒன்றை அமைத்து, 1970-ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் மறையும் வரை அவர்களோடு வாழ்ந்தார். அவ்வாண்டிலேயே இங்கிரிட் பெர்க்மன், தாம் நடித்துக் காட்டிய பெண்ணை நேரில் காண வேண்டும் என்று தைவானுக்கு வந்தார். சில நாள்களுக்கு முன்னரே அம்மையார் மறைந்துவிட்டார் என்ற செய்திதான் கிட்டியது. பிள்ளைகளின் இல்லத்துக்கு அழைத்துச் சென்றனர். எளிய அறை, அதில் அந்தக் குள்ளமான பெண்மணி படுத்திருந்த கட்டில். பொன்னிறக் கூந்தலை உடைய நெடிய பெண் அதனருகே நின்று அழுதார்.